பாதுகாப்பை விற்கும் நிறுவனம் தன்னைக் காப்பது எப்படி? உள் அணியில் புதிதாகச் சேருபவருக்கு ஒரு வழிகாட்டி

சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் அணியில் அல்ல, நிறுவனத்தையே காப்பாற்ற வேண்டிய உள் அணியில். "இங்கே எல்லாருமே நிபுணர்கள், உங்களுக்குப் பெரிய வேலை இருக்காது" என்று முதல் வாரத்திலேயே யாராவது சொல்வார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பாதுகாப்பு நிறுவனங்களுக்குள் ஆட்கள் புகுந்த சம்பவங்களைப் பற்றி அந்தந்த நிறுவனங்களே எழுதிய அறிக்கைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். தாக்கியவரின் அபாரத் திறமை சில இடங்களில் உண்டு. ஆனால் பல இடங்களில் கதை ஒன்றுதான்: "இதற்கு மட்டும் அந்த விதி வேண்டாம்" என்று யாரோ எப்போதோ விட்டுவைத்த ஓர் ஓரம். பழைய டெஸ்ட் கணக்கு, ஆராய்ச்சிப் பிரிவின் தனி நெட்வொர்க், சப்போர்ட் டிக்கெட் மென்பொருள், மார்க்கெட்டிங் அணியின் எக்ஸ் கணக்கு. நிபுணர்கள் நிறைந்த இடத்தில் இப்படிப்பட்ட விலக்குகள் குறைவதில்லை, கூடவே செய்கின்றன. தனக்கு ஏன் அந்த விதி பொருந்தாது என்று அழகாக வாதாட அவர்களுக்குத் தெரியும். வெளியே சொல்லிக்கொடுக்கும் விதியை உள்ளே ஒருவர் விடாமல் நடக்கவைப்பதுதான் உங்கள் வேலையின் பெரும்பகுதி.

ஐம்பது பேரிலிருந்து சில நூறு பேர் வரை உள்ள நிறுவனத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: உங்களிடம் இருக்கும் அடுத்தவர் பொருளைக் கணக்கெடுங்கள்

வழக்கமாக சர்வர், லேப்டாப் பட்டியலில் தொடங்கச் சொல்வார்கள். பாதுகாப்பு நிறுவனத்தில் வேறு இடத்தில் தொடங்க வேண்டும். உங்களைத் தாக்க வருபவருக்குப் பெரும்பாலும் உங்கள் மேல் ஆசை இல்லை, உங்கள் வாடிக்கையாளர் மேல்தான் கண்.

2011 மார்ச்சில், லாகின் பாதுகாப்புக் கருவிகளை விற்கும் ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்கு நடந்தது இதற்குப் பழைய உதாரணம். ஆட்சேர்ப்புத் திட்டம் என்ற பெயரில் ஓர் எக்செல் கோப்பு மின்னஞ்சலில் சில ஊழியர்களுக்கு வந்தது. ஜங்க் பெட்டிக்குள் கிடந்த அதை ஒருவர் வெளியே எடுத்துத் திறந்தார். கோப்புக்குள் ஃபிளாஷ் மென்பொருளில் அதுவரை அறியப்படாத ஓர் ஓட்டையைப் பயன்படுத்தும் நிரல் இருந்தது. அங்கிருந்து நகர்ந்தவர்கள் லாகினுக்கு எண் காட்டும் செக்யூர்ஐடி டோக்கன் கருவிகள் தொடர்பான தகவலை எடுத்துப் போனார்கள். சில வாரம் கழித்து, விமானமும் ஏவுகணையும் செய்யும் லாக்ஹீட் மார்ட்டின் தாக்கப்பட்டது. மார்ச்சில் எடுத்த தகவல் அங்கே பயன்பட்டதை ஜூனில் ஆர்எஸ்ஏ ஒப்புக்கொண்டது, டோக்கன்களை மாற்றித் தரவும் முன்வந்தது.

ஆக, ஒரு விரிதாளைத் திறந்து ஐந்து நெடுவரிசை போடுங்கள்: பொருள் என்ன, யாருடையது, எங்கே இருக்கிறது, யார் திறக்கலாம், எப்போது அழிக்க வேண்டும். பென்டெஸ்ட் (வாடிக்கையாளர் அனுமதியோடு அவரைத் தாக்கிப் பார்க்கும் சோதனை) அறிக்கைகளை முதலில் எழுதுங்கள். ஒரு வங்கியில் இன்னும் அடைக்கப்படாத ஓட்டைகளின் முழுப் பட்டியல் உங்கள் ஊழியரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கலாம். அப்புறம் வாடிக்கையாளர் கொடுத்த விபிஎன் கணக்குகள், அவர்களிடமிருந்து வரும் லாக் (அவர்கள் கணினிகளில் நடப்பவற்றின் பதிவு), தாக்குபவர் வேடத்தில் சோதிக்கும் ரெட் டீம் எழுதி வைத்திருக்கும் தாக்குதல் கருவிகள். ஃபயர்ஐ என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்திடமிருந்து 2020இல் திருடப்பட்டவற்றில் இந்தக் கடைசி வகையும் ஒன்று.

எல்லாரும் மறப்பது சப்போர்ட் டிக்கெட்டில் வாடிக்கையாளர் இணைக்கும் கோப்புகள். பிரவுசரில் ஏதோ சரியாக வரவில்லை என்றால் சப்போர்ட் அணி "எச்ஏஆர் கோப்பு ஒன்று அனுப்புங்கள்" என்று கேட்கும். பிரவுசர் அந்த நேரத்தில் அனுப்பியதும் வாங்கியதும் அந்தக் கோப்பில் பதிவாகும். ஒருவர் ஏற்கனவே லாகின் செய்துவிட்டார் என்று தளத்துக்குக் காட்டும், உயிரோடு இருக்கும் செஷன் டோக்கன்கூட அதில் இருக்கலாம். 2023 இலையுதிர் காலத்தில், பல நிறுவனங்களின் லாகினைக் கவனிக்கும் ஆக்டா நிறுவனத்தின் சப்போர்ட் மென்பொருளுக்குள் புகுந்தவர்கள் தேடி எடுத்தது இதைத்தான். அந்த டோக்கனை வைத்துக்கொண்டு பாஸ்வேர்டே இல்லாமல் வாடிக்கையாளர்களின் அட்மின் பக்கத்துக்குள் நுழையப் பார்த்தார்கள். இணைப்புகள் வந்ததும் டோக்கன்களைத் தானாக நீக்கும் நிரல் ஒன்றையும், டிக்கெட் முடிந்த சில நாளில் கோப்பை அழிக்கும் ஏற்பாட்டையும் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

பட்டியலை மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு எடுக்க முடியாது. ஒவ்வொரு அணியுடனும் போய் உட்கார்ந்து, "போன வருட அறிக்கை ஒன்றை இப்போது திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். எந்த ஃபோல்டருக்குப் போகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

படி 2: ஓடிபியை நிறுத்துங்கள், பாதுகாப்புச் சாவிக்கு மாறுங்கள்

2022 ஜூலை 20 அன்று, இணையத் தளங்களைக் காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் எஸ்எம்எஸ் வந்தது. சிலருடைய குடும்பத்தாருக்குக்கூட வந்தது. நிறுவனத்தின் பெயரும் ஆக்டாவின் பெயரும் சேர்ந்த ஒரு தள முகவரி அதில் இருந்தது. தாக்குதலுக்கு 40 நிமிடம் முன்னால்தான் அந்த முகவரியைப் பதிவு செய்திருந்தார்கள், அதனால் போலி முகவரிகளைத் தேடும் கண்காணிப்பில் அது இன்னும் சிக்கவில்லை. பக்கம் அசலைப் போலவே இருந்தது. 3 பேர் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டார்கள்.

கொடுத்த உடனே அது டெலிகிராம் வழியாகத் தாக்கியவர் கைக்குப் போனது. அவர் அதை அசல் தளத்தில் போட்டு ஓடிபி வரவழைப்பார், போலிப் பக்கம் ஊழியரிடம் அந்த ஓடிபியைக் கேட்கும், ஊழியர் கொடுப்பார், கதை முடிந்தது. இதே அலையில் ட்விலியோ நிறுவனம் விழுந்தது. கிளவுட்ஃபிளேர் விழவில்லை. ஏனென்றால் அங்கே ஓடிபி கிடையாது, ஊழியர் ஒவ்வொருவரிடமும் ஒரு வன்பொருள் சாவி, அதாவது லாகினுக்கான சிறு கருவி, இருந்தது. பிரவுசர் எந்தத் தளத்தில் நிற்கிறதோ அந்த முகவரியோடு கட்டித்தான் சாவி பதில் சொல்லும். ஆள் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. கூகுள் 2017 தொடக்கத்தில் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு ஊழியர் கணக்கு எதுவும் ஃபிஷிங்கில் (இப்படிப் போலிச் செய்தி அனுப்பி ஏமாற்றுவதில்) பறிபோனதாகத் தெரியவரவில்லை என்று 2018இல் சொன்னது.

செய்யும் முறை இது. முதலில் அட்மின்கள், நிதி, மனிதவளம், ஹெல்ப் டெஸ்க். பிறகு மற்ற எல்லாரும். ஆளுக்கு இரண்டு சாவி: ஒன்று கையில், ஒன்று வீட்டு அலமாரியில். எல்லாருக்கும் கொடுத்து முடித்ததும் பழைய வழிகளை, அதாவது எஸ்எம்எஸ், செயலிக் குறியீடு, "அனுமதிக்கவா?" என்று போனில் கேட்கும் பட்டன் ஆகிய எல்லாவற்றையும் மூடுங்கள். பலரும் சாவியை வாங்கிக் கொடுத்துவிட்டு இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஓடிபி மாற்றுவழியாகத் திறந்திருந்தால் தாக்குபவர் அந்தக் கதவைத்தான் தட்டுவார்.

சாவியைத் தொலைத்தவரை எப்படி உள்ளே விடுவது என்பதையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். ஹெல்ப் டெஸ்க்குக்கு போன் செய்து அழுதால் திறந்துவிடும் நிறுவனத்தில் சாவி இருந்தும் பயனில்லை. நேரிலோ வீடியோவிலோ முகம் பார்த்து, அவருடைய மேலாளரை நிறுவனத்தின் பட்டியலில் உள்ள எண்ணில் நாமே அழைத்துக் கேட்டு, அதன் பிறகே புதுச் சாவி. நிறுவனத் தலைவருக்கும் இதே வரிசைதான். முக்கியமாக அவருக்கு.

2011இல் எச்பிகேரி ஃபெடரல் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தை அனானிமஸ் குழுவினர் உடைத்தபோது அதன் தலைமைச் செயல் அதிகாரியின் பாஸ்வேர்ட் ஆறு சிறிய எழுத்தும் இரண்டு எண்ணும் மட்டும்தான். அதையே பல இடங்களில் போட்டிருந்தார். நிறுவன மின்னஞ்சலுக்கு அட்மினும் அவரே.

புதுச் சாவியோ போனோ ஒரு கணக்கில் சேர்க்கப்படும்போது ஒரு மனிதருக்கு எச்சரிக்கை போக வேண்டும். ஃபயர்ஐ தன்னுள் ஆள் இருப்பதைக் கண்டுபிடித்தது இப்படித்தான். ஓர் ஊழியரின் கணக்கில் இரண்டாவது போன் பதிவானது. பாதுகாப்பு அணி அவரை அழைத்து "நீங்களா சேர்த்தீர்கள்?" என்று கேட்டது. அவர் இல்லை என்றார். அந்த நூலைப் பிடித்துப் போய்த்தான், பல நிறுவனங்கள் நெட்வொர்க்கைக் கவனிக்கப் பயன்படுத்திய சோலார்விண்ட்ஸ் மென்பொருளின் அப்டேட்டுக்குள் விஷம் இருப்பதே உலகுக்குத் தெரிந்தது.

90 நாளுக்கு ஒரு முறை எல்லாரும் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும் என்ற விதி உங்கள் நிறுவனத்தில் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள். தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பு 2017லேயே அது வேண்டாம் என்று எழுதிவிட்டது. அந்த விதியால் பாஸ்வேர்டின் கடைசியில் உள்ள எண் ஒன்று கூடுவதைத் தவிர வேறெதுவும் நடப்பதில்லை.

படி 3: விலக்குகளுக்கு ஒரு பதிவேடு

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எந்த விதிக்கும் விலக்கு வரும், தடுக்க முடியாது. மால்வேர் ஆராய்ச்சியாளர் தன் மெஷினில் ஆன்டிவைரஸை நிறுத்தியே ஆக வேண்டும். விற்பனை அணிக்கு டெமோ காட்ட ஒரு திறந்த சர்வர் வேண்டும். கேட்டால் கொடுங்கள். ஆனால் எழுதிக் கொடுங்கள்: எந்த விதி, யாருக்கு, ஏன், பதிலுக்கு என்ன செய்கிறோம், எந்தத் தேதியில் முடிகிறது. கேட்பவரே ஒப்புதல் தரக்கூடாது. தேதி வந்ததும் விலக்கு தானாக விழ வேண்டும், வேண்டுமானால் மறுபடி வந்து கேட்கட்டும். முடிவுத் தேதி இல்லாத விலக்கு என்றால் அந்த விதியே இல்லை என்று அர்த்தம்.

மைக்ரோசாஃப்டுக்குள் 2023 நவம்பர் இறுதியில் ரஷ்ய உளவு அமைப்போடு தொடர்புடைய குழு நுழைந்தது பழைய டெஸ்ட் சூழலில் இருந்த ஒரு கணக்கு வழியாக. அதில் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு இல்லை. சில சாதாரண பாஸ்வேர்ட்களைப் பல கணக்குகளில் மெதுவாகப் போட்டுப் பார்த்தே உள்ளே வந்துவிட்டார்கள். மூத்த அதிகாரிகள் சிலருடைய மின்னஞ்சலும் அவர்கள் கைக்குப் போனது. 2024 ஜனவரியில் மாண்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ் கணக்கு பறிபோனது. அணி மாறிய நேரம், எக்ஸ் தன் விதியை மாற்றிய நேரம், இரண்டுக்கும் நடுவில் அந்தக் கணக்கு இரண்டாம் அடுக்கு இல்லாமல் நின்றிருந்தது என்று அவர்களே பிறகு விளக்கினார்கள். அதே ஜனவரியில் மைட்டர் நிறுவனம். தாக்குதல் முறைகளை உலகமே வகைப்படுத்தப் பயன்படுத்தும் அட்டாக் அட்டவணையைத் தயாரிப்பவர்கள் அவர்கள். இவான்டி விபிஎன் கருவியில் அதுவரை அறியப்படாத இரண்டு ஓட்டைகள் வழியாக அவர்களுடைய ஆராய்ச்சி நெட்வொர்க்குக்குள் ஆள் வந்து, விஎம்வேர் சர்வர்கள் வரை நகர்ந்தார். மைட்டர் ஏப்ரலில் அதை வெளியிட்டபோது, நடந்ததைத் தன் சொந்த அட்டவணையின் எண்களாலேயே விவரித்தது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

பதிவேட்டில் வராத ஒரு விலக்கும் உண்டு. அது தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழின் ஸ்கோப் (எல்லை) வரியில் ஒளிந்திருக்கும். வரவேற்பறைச் சுவரில் சான்றிதழ் தொங்கும், ஆனால் அது எந்த அலுவலகத்துக்கு, எந்தச் சேவைக்கு என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள் உள்ளன, அத்தனையும் அந்த எல்லைக்குள் மட்டும்தான். ஆராய்ச்சிக்கூடமும் சப்போர்ட் அணியும் அதற்கு வெளியே இருந்தால் உங்கள் கவனம் அங்கேதான் தேவை.

படி 4: யாரும் பயன்படுத்தாத டோக்கன்கள்

மனிதர்களின் கணக்கைப் பூட்டிவிட்டால் அடுத்தது மெஷின்களின் கணக்கு: ஏபிஐ டோக்கன் (ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குள் நுழையக் காட்டும் ரகசியக் குறியீடு), ஆளுக்கு அல்லாமல் மென்பொருளுக்குக் கொடுத்த சேவைக் கணக்கு, ஒரு மென்பொருளை இன்னொன்றோடு இணைக்கும்போது கொடுத்த அனுமதி. இவற்றுக்கு முகம் இல்லை, விடுமுறை இல்லை, ராஜினாமா இல்லை. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கின்றன.

மேலே புகழ்ந்த கிளவுட்ஃபிளேரே இங்கே சறுக்கியது. ஆக்டா சம்பவத்தில் கசிந்தவற்றில் ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களையும் டோக்கன்களையும் அவர்கள் மாற்றினார்கள். ஒரு டோக்கனும் மூன்று சேவைக் கணக்குகளும் மட்டும் விட்டுப்போயின. அவை பயன்பாட்டில் இல்லை என்று நினைத்திருந்தார்கள். 2023 நவம்பர் நடுவில் அந்த நான்கை வைத்தே ஒருவர் உள்ளே வந்து அவர்களுடைய உள் விக்கியையும் பிழைப் பதிவேட்டையும் படித்தார். நவம்பர் 23இல் கண்டுபிடித்து அடுத்த நாள் வெளியே தள்ளினார்கள். அதற்குப் பின் செய்ததைப் பாருங்கள்: 5,000க்கும் மேற்பட்ட கடவுச்சொல், டோக்கன் போன்ற நுழைவுச் சான்றுகளை மாற்றினார்கள், 4,893 கணினிகளைத் தடயவியல் முறையில் சோதித்தார்கள், பிரேசிலில் புதிதாகத் திறக்கவிருந்த தரவு மையத்தின் கருவிகளை, ஆள் அதற்குள் நுழையவில்லை என்று தெரிந்தும், தயாரிப்பாளர்களுக்கே திருப்பி அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள்.

எனவே பயன்பாட்டில் இல்லாத டோக்கனை மாற்றக்கூட வேண்டாம், அழித்துவிடுங்கள். இருப்பவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் பெயர், கடைசியாகப் பயன்பட்ட தேதி, காலாவதி. "டெவ்ஆப்ஸ் அணி" என்பது உரிமையாளர் பெயர் ஆகாது, ஓர் ஆளின் பெயர் வேண்டும். எது எதற்கு என்று தெரியாத டோக்கன் இருந்தால் வேலை நாள் காலையில் முடக்கிவிட்டுக் காத்திருங்கள். யாராவது கத்தினால் உரிமையாளர் கிடைத்துவிட்டார்.

டோக்கனை எந்த ஐபி முகவரியிலிருந்து பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்த முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள். 2025 ஆகஸ்டில் சேல்ஸ்லாஃப்ட் டிரிஃப்ட் என்ற விற்பனைக் கருவியின் டோக்கன்கள் திருடுபோய், அதன் வழியாகப் பல நிறுவனங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வாடிக்கையாளர் பதிவு மென்பொருளில் வைத்திருந்த தரவு எடுக்கப்பட்டது. பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ், ஸீஸ்கேலர், கிளவுட்ஃபிளேர் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆக்டாவையும் முயன்றார்கள், ஐபி கட்டுப்பாடு இருந்ததால் முடியவில்லை. கிளவுட்ஃபிளேர் தன் டிக்கெட்டுகளைச் சலித்தபோது அவற்றுக்குள் 104 ஏபிஐ டோக்கன்கள் கிடைத்தன. படி 1இல் டிக்கெட் இணைப்புகளைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

படி 5: லேப்டாப்பும் ஆளும்

விதி எளிது: அதிகாரம் கூடிய வேலை எதுவும் நிறுவனம் கொடுத்த, நிறுவனம் கண்காணிக்கும் மெஷினிலிருந்து மட்டும். பாஸ்வேர்ட்களைச் சேமித்துவைக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் காப்புப்பிரதிகளைத் திறக்கும் சாவிகள் நான்கே பொறியாளர்களிடம் இருந்தன. 2022இல் தாக்கியவர்கள் அதில் ஒருவருடைய வீட்டுக் கணினிக்குள், அவர் வைத்திருந்த மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்து, தட்டச்சைப் பதிவுசெய்யும் நிரலைப் போட்டு, மாஸ்டர் பாஸ்வேர்டை எடுத்தார்கள்.

நிறுவன லேப்டாப்பில் சொந்த வாழ்க்கையும் நுழையும். ஆக்டா 2023 சம்பவத்தின் வேரைத் தோண்டியபோது கிடைத்தது, ஓர் ஊழியர் நிறுவன லேப்டாப்பின் குரோமில் தன் சொந்த கூகுள் கணக்கில் நுழைந்திருந்ததும், சேவைக் கணக்கின் பாஸ்வேர்ட் அந்தச் சொந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்ததும். பிரவுசரில் சொந்தக் கணக்கு ஒத்திசைவை நிறுவனக் கொள்கை மூலம் நிறுத்துவது சில நிமிட வேலை. சலசலப்பு இருக்கும், ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

ஆளைச் சேர்ப்பது தனிக் கதை. ஃபிஷிங் பயிற்சி கொடுக்கும் நோபீ4 நிறுவனம் 2024இல் ஒரு மென்பொருள் பொறியாளரை வேலைக்கு எடுத்தது. நான்கு வீடியோ நேர்காணல், பின்னணிச் சோதனை எல்லாம் சரி. மேக் லேப்டாப் அனுப்பினார்கள். ஜூலை 15 இரவு 9.55 மணிக்கு அந்த மெஷினில் மால்வேர் ஏறத் தொடங்கியதாக எச்சரிக்கை வந்தது. கேட்டபோது, ரவுட்டர் வேகப் பிரச்சினையைச் சரிசெய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். பேசக் கூப்பிட்டால் வரவில்லை. 10.20 வாக்கில் மெஷினைத் துண்டித்தார்கள். திருடிய அமெரிக்க அடையாளத்தோடும் செயற்கை நுண்ணறிவால் மாற்றிய புகைப்படத்தோடும் வந்த வட கொரிய ஆள் அவர். புதிய ஊழியர்களுக்கு ஆரம்பத்தில் மிகக் குறைந்த அனுமதியே கொடுப்பது அங்கே வழக்கம் என்பதால் தரவு எதுவும் போகவில்லை. அதை அவர்களே எழுதி வெளியிட்டார்கள்.

நீங்களும் புதிய ஊழியர்தான். உங்களுக்கும் முதல் சில வாரம் பாதிக் கதவுகள் திறக்காது, அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திறந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். மனிதவளத்திடம் சொல்லி வைக்க வேண்டியவை: லேப்டாப்பை வேறு முகவரிக்கு அனுப்பச் சொன்னால் நிறுத்து, கேமராவை அணைத்தே வைத்திருப்பவரை விசாரி, முடிந்தால் லேப்டாப்பை நேரில் வந்து அடையாள அட்டை காட்டி வாங்கச் சொல். வெளியேறும் ஊழியரின் அணுகல் எல்லாம் அவர் விடைபெறும் அன்றே மூட வேண்டும், படி 4இன் டோக்கன்கள் உட்பட.

படி 6: சொந்தச் சரக்கை முதலில் நாமே சாப்பிடுவது

உங்கள் நிறுவனம் ஒரு மென்பொருளை விற்கிறது என்றால் அதன் அடுத்த பதிப்பு முதலில் உங்கள் லேப்டாப்களில் ஓட வேண்டும், வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் அதே அமைப்புகளோடு. ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கி 2015இல் தன் புதுக் கண்டறியும் கருவியின் முன்மாதிரியைத் தன் நெட்வொர்க்கிலேயே ஓட்டிச் சோதித்தபோதுதான், உள்ளே டூக்கு 2.0 என்ற உளவு நிரல் மாதக்கணக்கில் இருந்தது தெரிந்தது. ஜூன் மாதம் அதை அவர்களே அறிவித்தார்கள்.

எதிர்ப்பக்க உதாரணம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஓர் அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமான நிலையங்கள் ஸ்தம்பித்தன. மென்பொருளின் பதிப்புகளைப் படிப்படியாக அனுப்பும் வழக்கம் அங்கே இருந்தது, ஆனால் அந்த வகைச் சிறிய அப்டேட் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகும். பிறகு அதையும் படிப்படியாக்கினார்கள். உள்ளே எந்த வகை மாற்றம் சோதனையைத் தாண்டிக் குதிக்கிறது என்று உங்கள் நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். "அது சின்ன மாற்றம்தான்" என்ற பதில் கட்டாயம் ஒன்று வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விற்பனை அணியோடு சண்டை வரலாம். சொந்தக் கருவியை மட்டுமே நம்பி இருக்காதீர்கள். அதில் ஓட்டை இருந்தால், அந்த ஓட்டை வழியாக வருபவரைப் பற்றி அந்தக் கருவியே எச்சரிக்கை தராது. முக்கியமான சில சர்வர்களிலாவது வேறு நிறுவனத்தின் கருவியும் இருக்கட்டும்.

படி 7: உங்களை நீங்களே தாக்குவது

லாக் முழுவதும், அட்மின்களால்கூட அழிக்க முடியாத தனி இடத்துக்குப் போக வேண்டும். வாடிக்கையாளரை 24 மணி நேரமும் பார்க்கும் கண்காணிப்பு அறையிலேயே உங்கள் நிறுவனத்தையும் ஒரு வாடிக்கையாளராகப் பதிந்துவிடுங்கள். எச்சரிக்கைக்கு எத்தனை நிமிடத்தில் பதில், என்ன முன்னுரிமை எல்லாம் அதே ஒப்பந்தப்படி. இல்லாவிட்டால் உள் எச்சரிக்கைகள் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

செலவே இல்லாமல் நிறையப் பலன் தருவது பொறிகள். "சம்பளப் பட்டியல்" என்ற பெயரில் ஒரு கோப்பு, பழைய விக்கிப் பக்கத்தில் ஒரு போலி கிளவுட் சாவி. யாராவது தொட்டால் உங்களுக்கு மணி அடிக்கும். உண்மையான வேலைக்கு அதைத் தொட யாருக்கும் தேவை இல்லாததால் வீண் எச்சரிக்கை மிகக் குறைவு.

உங்கள் ரெட் டீமை உங்கள் மேலேயே ஏவலாம். எழுத்தில் அனுமதி, தொடாமல் விட வேண்டிய சர்வர்கள், நடுவில் நிறுத்த யாருக்கு அழைப்பது என்ற மூன்றும் வாடிக்கையாளருக்குச் செய்வது போலவே இருக்க வேண்டும். கண்டுபிடித்த ஓட்டைகளுக்கும் அதே தீவிரம், அதே கெடு. வாடிக்கையாளரிடம் "30 நாளில் சரிசெய்யுங்கள்" என்று எழுதிவிட்டு உள்ளே ஒரு வருடம் கிடப்பில் போடும் நிறுவனத்தை அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

போலி ஃபிஷிங் மெயில் அனுப்பி ஊழியரைச் சோதிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கிளிக் செய்தவர் பெயரை அறிவிப்புப் பலகையில் போட்டால் அடுத்த முறை உண்மையான மெயிலைக் கிளிக் செய்தவர் வாயே திறக்க மாட்டார். எத்தனை பேர் உங்களுக்குத் தெரிவித்தார்கள் என்பதை மட்டும் எண்ணுங்கள்.

படி 8: நடந்துவிட்டால் சொல்வது

நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்று ஒரு நிறுவனம் இருந்தது. இணையத் தளங்களுக்கு டிஜிட்டல் சான்றிதழ் கொடுப்பது அதன் தொழில், அரசுத் தளங்களும் அதை நம்பியிருந்தன. 2011 ஜூலையில் உள்ளே ஆள் வந்து 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களைப் போட்டுக்கொண்டார். நிறுவனத்துக்குத் தெரியவந்தது, சிலவற்றை ரத்து செய்தது, வெளியே வாய் திறக்கவில்லை. ஆகஸ்ட் இறுதியில் ஈரானில் ஒருவர் கூகுள் பக்கத்தைத் திறந்தபோது குரோம் எச்சரிக்கை காட்டியதில் விஷயம் வெடித்தது. பிரவுசர்கள் எல்லாம் அதன் சான்றிதழ்களை நிராகரித்தன. செப்டம்பரில் திவால். பிறகு வந்த ஆய்வு, முக்கிய சர்வர்களில் ஆன்டிவைரஸ்கூட இல்லை என்றது.

ஃபயர்ஐ 2020 டிசம்பர் 8 அன்று, தன் தாக்குதல் கருவிகள் திருடுபோனதைத் தானே அறிவித்தது. அந்தக் கருவிகளை யாராவது பயன்படுத்தினால் கண்டுபிடிக்க 300க்கும் மேற்பட்ட விதிகளையும் இலவசமாகக் கொடுத்தது. ஐந்து நாளில் சோலார்விண்ட்ஸ் விவரம் வெளிவந்தது. நிறுவனம் பிழைத்தது, பெயரும் கெடவில்லை.

இதற்கான தயாரிப்புகளை மற்ற படிகளுக்குக் காத்திருக்காமல் இப்போதே செய்யலாம். இந்தியாவில் இருந்தால், சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய வாடிக்கையாளரின் தனிநபர் தரவு போயிருந்தால் அங்கே 72 மணி நேரக் கணக்கு ஒன்று உண்டு. 6 மணி நேரம் என்பது காலை பத்து மணிக்கு நடந்தால் சமாளிக்கலாம். சனிக்கிழமை இரவு நடந்தால்? அதனால் யார் படிவத்தை நிரப்புவார், அவர் இல்லாவிட்டால் யார், வழக்கறிஞர் எண் என்ன, எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். நிறுவன மின்னஞ்சலையும் சாட்டையும் தாக்கியவர் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் பேச வேறொரு வழியும் முன்கூட்டியே தேவை.

வெளியிலிருந்து வரும் எச்சரிக்கைக்கும் ஒரு வாசல் வையுங்கள். உங்கள் தளத்தில், ஓட்டையைக் கண்டவர் யாரிடம் சொல்வது என்று காட்டும் security.txt கோப்பு, அதில் ஆள் பார்க்கும் ஒரு மின்னஞ்சல். 2023இல் ஆக்டாவுக்கு முதலில் சொன்னவர்கள் அதன் வாடிக்கையாளர்கள்தான். 1பாஸ்வேர்ட் செப்டம்பர் 29 அன்றும் பியாண்ட்டிரஸ்ட் அக்டோபர் 2 அன்றும் தங்கள் பக்கம் விசித்திரமாக ஏதோ நடப்பதைத் தெரிவித்தன. ஆக்டாவின் பொது அறிவிப்பு அக்டோபர் 20 அன்று வந்தது. "உங்கள் பக்கம் ஏதோ சரியில்லை" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால், பிரச்சினை அவருடையதுதான் என்று நிரூபிக்கக் கிளம்பாமல், அவர் சொல்வது உண்மை என்று வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கச் சொல்லி சப்போர்ட் அணிக்குப் பழக்குங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். நிறுவனத் தலைவர் விமானத்தில் இருப்பதாகவும் நிதி அதிகாரி போனை எடுக்கவில்லை என்றும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அறிவிப்பின் முதல் வரைவை ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் அதை வாடிக்கையாளராக இருந்து படித்துக் கேள்வி கேட்க வேண்டும். எழுதி முடித்ததும், அதை வெளியிட இப்போது யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்று அறையில் கேளுங்கள். ஒரே பெயரை எல்லாரும் சொல்லும் வரை அந்த ஒத்திகையை முடிக்க வேண்டாம்.